வீடு கட்டி முடிந்தது. குடும்பம் குடி அமர்ந்ததா?
பயனுக்கேற்பப் பணம் தரும் முறையும் வீடற்றோர் குடியிருப்பும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. சொந்த நிலமும் ஓரளவு சேமிப்பும் உள்ள உழவரே வீட்டு வேலையைத் தொடங்கினால் திணறிப் போகிறார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அவ்வாறிருக்க, நிலமும் இல்லாமல், சேமிப்பும் இல்லாமல், ஊர்ப் பதிவேட்டில் பெயரும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக ஏரிக்கரையிலும் தோப்புகளின் ஓரத்திலும் காலங்கழித்து வரும் குடும்பத்தின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

இத்தகைய குடும்பங்களுக்கு வீடு கட்டித் தர அரசு பணம் ஒதுக்குகிறது. அந்தப் பணத்தை எப்போது தருவது, எதைக் கண்டு தருவது, எந்த நிலையில் வேலை முடிந்ததாகக் கொள்வது என்னும் கேள்விகள் சிறியவை போலத் தோன்றினும், திட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அவற்றிலேயே அடங்கியிருக்கின்றன. செங்கற்பட்டு மாவட்டத்தையும் மாமல்லபுரக் கடற்கரையையும் முன்வைத்து இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் இதனை அறிந்திருப்பது இன்றியமையாதது. ஏனெனில் வீட்டுக்குரிய குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும் கிராம சபையும், அக்குடும்பத்துக்கு வேலை தரும் நிலமும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

வீடற்றோர் யார்?

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். இவர்களுள் 8.3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிராமப்புறத்தினர். வீடற்றோர் என்றால் நகரத்து நடைபாதையில் உறங்குவோர் மட்டுமே என்று எண்ணுவது சரியன்று என்பது இதனால் விளங்கும்.

ஆனால் இந்தக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கூரை என்று சொல்லத்தக்க ஏதேனும் ஒன்றின் கீழ் இருப்பவரைக் கணக்கெடுப்பு வீடற்றவராகக் கொள்ளாது. நான்கு கழிகளை நட்டு, மேலே பனையோலையோ கிழிந்த தார்ப்பாயோ போட்டு, மழை வந்தால் அருகிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஓடும் குடும்பத்தை அது குடிசையில் வாழும் குடும்பம் என்றே எழுதும். அந்தக் குடிசை நிற்கும் இடம் ஏரிப் புறம்போக்காக இருக்கலாம். பிறருடைய தோப்பாக இருக்கலாம். உடையவர் போகச் சொன்னால் அன்றே போக வேண்டும். இவ்வாறு இருபது ஆண்டுகள், முப்பது ஆண்டுகள் இடம் மாறி இடம் மாறி வாழ்பவரை நெடுங்கால வீடற்றோர் என்று கொள்வதே முறையாகும்.

நம் மாவட்டத்தில் இந்நிலையில் மிகுதியாக உள்ளவர்கள் இருளர் மக்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் என்று அரசு வகுத்துள்ள ஆறு இனங்களுள் இருளரும் ஒருவர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டு நாயக்கர் ஆகியோர் ஏனைய ஐவர். மாசி மகத்தன்று இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரக் கடற்கரையில் வந்து கூடி, மணலில் கூடாரமிட்டுத் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, அங்கேயே திருமணங்களையும் நடத்துவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அந்த இரண்டு மூன்று நாட்கள் கூடாரத்தில் இருப்பது அவர்களுக்கு விழா. ஆண்டு முழுவதும் கூடாரம் போன்ற குடிசையில் இருப்பதுதான் துன்பம்.

இவர்கள் வீடற்றுப் போனதற்குக் காரணங்கள் உள்ளன. காட்டையும் புதரையும் நம்பி வாழ்ந்தவர்கள் இவர்கள். பாம்புத் தோல் விற்பது ஒரு காலத்தில் இவர்களுக்கு முக்கியமான பிழைப்பாக இருந்தது. 1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அத்தொழில் நின்றது. அதன்பின் 1978ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைந்து, இன்று வடநெம்மேலியில் நஞ்சு எடுக்கும் பணி நடந்து வருகிறது. பாம்புக் கடிக்கு மருத்துவமனையில் போடப்படும் நச்சு முறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இச்சங்கத்திலிருந்தே சென்றிருக்கிறது. இம்மாவட்டத்து இருளர்களான திரு. வடிவேல் கோபால், திரு. மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

எனினும் சங்கத்தில் இடம் பெற்றோர் சிலரே. ஏனையோர் சவுக்கு வெட்டுதல், வயலில் எலி பிடித்தல், உப்பங்கழியில் கையால் இறால் தடவிப் பிடித்தல், செங்கற் சூளை வேலை, அரிசி ஆலை வேலை என்று சிதறிப் போயினர். ஆலையிலும் சூளையிலும் முன்பணம் வாங்கி, அதனை அடைக்க முடியாமல் அங்கேயே கட்டுண்டு கிடந்த குடும்பங்களும் பல. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி அவர்கள் விடுவிக்கப்பட்டாலும், விடுதலை பெற்றவருக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடு இல்லை. வீடில்லாதவரை மறுபடியும் முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்வது எளிது. எனவே வீடு என்பது இவர்களுக்கு மழைக்கு ஒதுங்கும் இடம் மட்டுமன்று. விடுதலையைக் காத்துக்கொள்ளும் அரணும் ஆகும்.

பயனுக்கேற்பப் பணம் என்றால் என்ன?

அரசுப் பணத்தைச் செலவிடுவதில் இரு வழிகள் உண்டு. செலவைக் கணக்கிட்டு முன்னதாகவே பணத்தை வழங்கிவிடுவது ஒரு வழி. வேலை நடந்து பயன் கிட்டியது என்று உறுதி செய்துகொண்டபின் பணத்தை வழங்குவது மற்றொரு வழி. உழவர்களுக்கு இது புதிதன்று. அறுவடைக்கு நாட்கூலி கொடுப்பதும் உண்டு. களத்தில் குவிந்த நெல்லைக் கண்டு அளந்து கொடுப்பதும் உண்டு. பின்னதில், வேலை செய்பவர் எத்தனை நாள் வந்தார் என்பது கேள்வியன்று. களத்தில் நெல் எவ்வளவு வந்தது என்பதே கேள்வி. இதனையே நாம் பயனுக்கேற்பப் பணம் தரும் முறை என்கிறோம்.

வெளிநாடுகளில் வீடற்றோர் பணியில் இம்முறை கையாளப்பட்டிருக்கிறது. இலண்டன் மாநகர நிருவாகம் 2012ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தெருவில் நெடுங்காலமாக உறங்கி வந்த 831 பேர் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டனர். இரண்டு தொண்டு நிறுவனங்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அந்த நிறுவனங்கள் எத்தனை பேருக்குக் கம்பளி கொடுத்தன, எத்தனை முறை சந்தித்தன என்பதற்குப் பணம் இல்லை. குறிக்கப்பட்டவர் ஒரு நிலையான இருப்பிடத்தில் குடியேறினால் ஒரு தொகை. பன்னிரண்டு மாதம் அங்கேயே இருந்தால் மற்றொரு தொகை. பதினெட்டு மாதம் இருந்தால் மேலும் ஒரு தொகை. மருத்துவமனைக்கு அவசரமாகச் செல்வது குறைந்தாலும், வேலையில் அமர்ந்தாலும் அதற்கும் தொகை உண்டு. அதுவரை ஆகும் செலவுக்கு முதலீட்டாளர் முன்பணம் போட்டனர். பயன் கிட்டினால் அவர்களுக்குப் பணம் திரும்பும். கிட்டாவிட்டால் நட்டம் அவர்களுடையது.

இதில் நாம் கருத்தில் கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, வீட்டுச் சாவியைக் கொடுத்ததோடு பயன் முடிந்ததாக அவர்கள் கருதவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்தும் அவர் அங்கே இருக்கிறாரா என்று பார்த்தனர். இரண்டு, பயன் கிட்டும்வரை ஆகும் செலவை வீடற்றவர் தலையில் சுமத்தவில்லை. அதனைத் தாங்க வலிமையுள்ளவர் தாங்கினர். இவ்விரண்டையும் மனத்தில் கொண்டு நம் திட்டங்களை நோக்குவோம்.

நம் நாட்டு வீட்டுத் திட்டங்கள்

சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1957ஆம் ஆண்டில் வந்த கிராம வீட்டு வசதித் திட்டம் கடன் கொடுத்தது. கடனைத் திருப்பித் தர வழியுள்ளவரே அதனால் பயன் பெற்றிருக்க முடியும். 1985ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் மானியமாகவே பணம் வழங்கியது. 2016ஆம் ஆண்டில் அதன் இடத்தில் பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம் வந்தது. சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய் என்று அதில் வகுக்கப்பட்டது. கான்கிரீட் தளத்துக்காக நம் மாநில அரசு தன் நிதியிலிருந்து மேலும் சேர்த்தது.

நலிவுற்ற பழங்குடியினருக்காகவே 2023ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிரதம மந்திரி ஜன்மன் என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் 75 பழங்குடி இனங்களுக்கு 4.90 லட்சம் வீடுகள் கட்டுவது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. கழிப்பறையும் கூலியும் உட்பட ஒரு வீட்டுக்கு 2.39 லட்சம் ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. மாநில அரசு கலைஞரின் கனவு இல்லம் என்னும் திட்டத்தை 2024-25ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. குடிசையில்லாத் தமிழ்நாட்டைக் காண 2030ஆம் ஆண்டுக்குள் 8 லட்சம் வீடுகள் என்றும், முதலாண்டில் தலா 3.50 லட்சம் ரூபாயில் ஒரு லட்சம் வீடுகள் என்றும் அப்போது கூறப்பட்டது.

இத்திட்டங்களில் பணம் ஒரே தவணையில் தரப்படுவதில்லை. கடைக்கால் எழுந்து அடித்தள மட்டம் வந்தபின் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தபின் ஒரு தவணை, தளம் போட்டபின் ஒரு தவணை, வேலை நிறைவெய்தியபின் இறுதித் தவணை என்னும் முறையில் கட்டங் கட்டமாகப் பணம் நேரே வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. ஓவர்சியர் வந்து பார்த்து, இடத்தின் குறியீட்டோடு கைப்பேசியில் நிழற்படம் எடுத்துப் பதிவு செய்த பின்னரே தவணை விடுவிக்கப்படும். இதுவும் ஒரு வகையில் பயனுக்கேற்பப் பணம் தருவதே. வீடு கட்டாமலே கட்டியதாகக் கணக்கு எழுதுவதைத் தடுக்க இது பெரிதும் உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இம்முறை ஏழையிலும் ஏழையைச் சென்றடையும்போது மூன்று சிக்கல்கள் எழுகின்றன.

முதல் செலவு யாருடையது?

அடித்தளம் எழுந்தால்தான் முதல் தவணை வரும். அடித்தளம் எழுப்பக் கல், மணல், சிமெண்டு, கொத்தனார் கூலி எல்லாம் வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடித்தள மட்டம் வரை 80,000 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு அத்தொகையை வாங்கினால் மாத வட்டி 2,400 ரூபாய். தவணை வர மூன்று மாதம் ஆனால் வட்டி மட்டும் 7,200 ரூபாய். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வேலை நின்று ஐந்து மாதம் ஆனால் 12,000 ரூபாய். வட்டிக்குப் போன இந்தப் பணம் சுவரில் ஏறாது. பின்னர்த் தளத்துக்குக் குறையும், கதவுக்குக் குறையும். கூரையில்லாச் சுவர்கள் ஆண்டுக்கணக்கில் நிற்பதைக் காண்கிறோம் அல்லவா? பயனாளியின் அக்கறையின்மையே அதற்குக் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன், அவர் முதல் செலவுக்கு எங்கே கைநீட்டினார் என்று கேட்டறிதல் வேண்டும்.

இதைவிடக் கொடிய நிலையும் உண்டு. இருளர் குடும்பத்துக்கு வட்டிக்குக் கொடுப்போரும் அரியர். முன்பணம் தரத் தயாராக இருப்பவர் சூளைக்கோ ஆலைக்கோ ஆள் சேர்ப்பவரே. விடுதலை பெற்ற குடும்பம் வீடு கட்டுவதற்காக மீண்டும் முன்பணம் வாங்கி மீண்டும் கட்டுண்டு போனால், எந்தத் தீங்கை ஒழிக்க வீடு கொடுத்தோமோ அந்தத் தீங்கே வீட்டின் பெயரால் திரும்பி வந்ததாகும். இலண்டனில் முன்பணத்தின் சுமையை முதலீட்டாளர் தாங்கினர். இங்கே அதனைத் தாங்க யாரும் இல்லையேல் அது தானாகவே ஏழையின் தோளில் ஏறிக்கொள்ளும்.

இதற்கு வழி இல்லாமற் போகவில்லை. சிமெண்டையும் கம்பியையும் ஒன்றியத்தின் வழியே பொருளாகவே வழங்கி, அவற்றின் விலையைத் தவணையில் கழித்துக்கொள்ளும் முறை நம் மாநிலத் திட்டங்களில் கையாளப்பட்டு வந்திருக்கிறது. ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பு, தவணை வந்ததும் திருப்பித் தரும் உடன்பாட்டில் குறைந்த வட்டிக்குக் கைமாற்றுக் கடன் கொடுக்கலாம். ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து வீடுகள் வருமாயின், கொத்தனாரையும் கல்லையும் சேர்த்தே பேசி முடிக்கலாம். கூலியும் குறையும், ஒரே முறையில் அளவெடுத்துத் தவணையும் விரைவில் வரும்.

நிலம் இல்லாமல் வீடு இல்லை

இரண்டாவது சிக்கல் நிலம். பட்டா இல்லாதவருக்கு வீட்டு ஆணை வழங்க இயலாது. இருளர் குடும்பங்கள் நெடுங்காலமாக இருக்கும் இடத்திலேயே பட்டா கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அந்த இடம் ஏரிப் புறம்போக்காகவோ கால்வாய்க் கரையாகவோ இருந்தால் கொடுக்க முடியாது. நீர்நிலைகளைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007ஆம் ஆண்டில் மாநிலச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. ஏரி நிறைந்தால்தான் நம் பயிர் விளையும் என்பதால் உழவர்கள் இச்சட்டத்தின் தேவையை நன்கு அறிவர்.

மாமல்லபுரத்தை அடுத்த ஊர்களில் மேலும் இரண்டு தடைகள் உண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பலாகாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும் என்று 2010ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம் கூறுகிறது. கடலோரத்தில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உள்ளன. எனவே ஊர் நத்தத்திலோ, ஆட்சேபணையற்ற வேறு புறம்போக்கிலோ இடம் தேடுவதே வழி. கிடைக்கும் இடம் ஊருக்கு வெகு தொலைவில், வழியில்லாத மேட்டில் அமைந்துவிட்டால், வீடு எழும். ஆள் இருக்க மாட்டார்.

2021ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், தீபாவளியன்று, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் அவர்கள் வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை முதலியவற்றை நேரில் வந்து வழங்கினார். நாடு முழுவதும் அச்செய்தி பேசப்பட்டது. அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம், இந்த மூன்று தாள்களும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கிடைக்கச் செய்ய முடியும் என்பதே. சான்றிதழ் இல்லாததால் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் வீடு இல்லை, வீடு இல்லாததால் முகவரி இல்லை, முகவரி இல்லாததால் சான்றிதழ் இல்லை என்று வட்டமாகச் சுற்றும் துன்பத்தை, எல்லா அலுவலர்களும் ஒன்றுகூடி ஒரு நாள் முகாமிட்டால் அறுத்துவிடலாம்.

எதனைப் பயன் என்று எண்ணுவது?

மூன்றாவது சிக்கலே முதன்மையானது. நம் திட்டங்களில் இறுதித் தவணை வீடு நிறைவெய்தியதும் போய்விடுகிறது. அதன்பின் கணக்கேட்டில் அந்த வீடு முடிந்த வீடு. ஆனால் வீடு கட்டுவது வேலை; குடும்பம் அதில் நிலைத்து வாழ்வதே பயன். வேலைக்கும் பயனுக்கும் உள்ள வேற்றுமையை ஊராட்சிகள் ஏற்கெனவே ஒருமுறை கண்டிருக்கின்றன. 2003ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நிர்மல் கிராம விருது, திறந்தவெளியில் மலங்கழிக்கும் வழக்கம் ஒழிந்த ஊராட்சிகளுக்குப் பரிசு கொடுத்தது. ஊராட்சிகளிடையே அது பெரும் ஊக்கத்தை உண்டாக்கியது உண்மை. ஆயினும் விருது பெற்ற ஊர்கள் பலவற்றில் சில ஆண்டுகளுக்குப்பின் கழிப்பறைகள் விறகறையாயின. பரிசு ஒரு நாளைய நிலையைக் கண்டு வழங்கப்பட்டது. வழக்கமோ ஆண்டு முழுவதும் காக்கப்பட வேண்டியது.

ஆகவே வீட்டு விஷயத்தில், குடியேறிய ஆறாம் மாதத்திலும், ஓராண்டிலும், ஈராண்டிலும் ஊராட்சி சென்று பார்த்து எழுதி வைத்தல் வேண்டும். அடுப்பு எரிகிறதா? மின் இணைப்பு உண்டா? குடிநீர் எவ்வளவு தொலைவு? பிள்ளைகள் பள்ளி செல்கின்றனரா? குடும்ப அட்டைக்குப் பொருள் கிடைக்கிறதா? இவைதாம் குடியிருப்பின் அடையாளங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சூளைப் பருவத்தில் சென்று பார்த்தால் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். அதனைக் கண்டு, "இவர்களுக்கு வீடு கொடுத்தும் பயனில்லை" என்று எழுதிவிடுவது பெரும் பிழை. பிழைப்புக்காகச் சில மாதம் வெளியூர் செல்வது வேறு. வீட்டைக் கைவிடுவது வேறு. மழைக்காலத்தில் சூளை நின்றபின் அக்குடும்பம் எங்கே திரும்பி வந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தன் வீட்டுக்கே திரும்பி வந்தது என்றால் திட்டம் வென்றது. மீண்டும் தோப்பின் ஓரத்துக்குச் சென்றது என்றால், வீட்டில் என்ன குறை என்று ஆராய வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கை: பயனுக்கு மட்டுமே பணம் என்றால், எளிதில் பயன் தரக்கூடியவரையே தேர்ந்தெடுக்கும் ஆசை எழும். மனை உள்ளவர், கையில் கொஞ்சம் பணம் உள்ளவர், விரைவில் கட்டி முடிக்கக் கூடியவர் ஆகியோரையே பட்டியலில் முன்னே வைத்தால் இலக்கு விரைவில் எட்டப்படும். நிழற்படங்களும் அழகாக இருக்கும். ஆனால் திட்டம் யாருக்காக வந்ததோ அவர் குடிசையிலேயே இருப்பார். 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் கேள்வியின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டியவர் என ஐந்து வகையினர் வகுக்கப்பட்டனர்: இருப்பிடமே இல்லாதவர், இரந்து வாழும் ஆதரவற்றோர், மனிதக் கழிவை அகற்றுவோர், தொல்பழங்குடியினர், சட்டப்படி விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள். இருளர் குடும்பம் ஒன்று இவற்றுள் இரண்டு மூன்று வகையிலும் அடங்கக்கூடும். அவ்வாறிருந்தும் பெயர் விடுபட்டால், அது அவர்கள் குற்றமன்று. கணக்கெடுக்கச் சென்றவர் ஏரிக்கரை வரை நடக்கவில்லை என்பதே பொருள்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

மேலே கூறியவற்றிலிருந்து ஊராட்சிகள் மேற்கொள்ளத்தக்க செயல்கள் சிலவற்றைத் தொகுத்துக் கூறுகிறோம்.

1. ஊராட்சி எல்லைக்குள் ஏரிக்கரை, தோப்பு, சூளை, உப்பளம், கால்வாய்க் கரை ஆகிய இடங்களில் தங்கியுள்ள குடும்பங்களைப் பெயர் பெயராக எழுதி ஒரு தனிப் பதிவேடு வைத்தல் வேண்டும். ஊர்த் தெருக்களை மட்டும் சுற்றி வந்தால் இவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

2. கிராம சபை கூடும் நாட்களில் இக்குடும்பங்களை நேரில் அழைத்து உட்கார வைத்து, பட்டியலை உரக்கப் படித்தல் வேண்டும். மிகவும் நலிந்தவர் பெயர் முதலில் வருகிறதா என்று உறுப்பினர்கள் கவனித்தல் வேண்டும்.

3. மனைக்கு இடம் தேடும்போது அம்மக்களையே உடன் அழைத்துச் சென்று காட்டுதல் நலம். வேலை கிடைக்கும் இடத்துக்கும் தண்ணீருக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவை அவர்களே நன்கு கூறுவர்.

4. வீட்டு ஆணை வழங்கும் நாளிலேயே முதல் கட்டச் செலவுக்கு வழி என்ன என்பதை மகளிர் கூட்டமைப்போடும் ஒன்றிய அலுவலகத்தோடும் பேசி முடிவு செய்துகொள்ளுதல் வேண்டும். ஆள் சேர்ப்பவரிடம் முன்பணம் வாங்க நேர்ந்தால், அதனை உடனே வருவாய் அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டு வருதல் கடமை.

5. கட்டம் முடிந்த அன்றே ஓவர்சியருக்குத் தெரிவித்து, அளவெடுக்கும் நாளைப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் ஏழைக்கு வட்டியாகிறது என்பதை மறத்தல் கூடாது.

6. குடியேறியபின் ஈராண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதிய விவரத்தைக் கிராம சபையில் வைத்தல் வேண்டும். "எத்தனை வீடு கட்டினோம்?" என்பதோடு, "எத்தனை குடும்பம் நிலைத்தது?" என்பதும் தீர்மானப் புத்தகத்தில் இடம்பெறட்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. பெரும் பணமும் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், ஏரிக்கரை வரை நடக்கும் மனமும் போதும்.

உழவர் பெருமக்களுக்கு ஒரு சொல்

தம் தோப்பிலும் களத்திலும் காவலுக்கு இருக்கும் குடும்பம் சொந்த வீட்டுக்குப் போய்விட்டால் வேலைக்கு ஆள் கிடைக்குமோ என்று சிலர் ஐயுறுவது இயற்கை. ஆனால் சொந்த வீட்டில் அமர்ந்த தொழிலாளி ஊரை விட்டு ஓடமாட்டார். அடுத்த பருவத்துக்கும் அதே ஊரில் இருப்பார். நெற்கதிர் முற்றும் காலத்தில் வரப்பைத் தோண்டி எலியைப் பிடித்து நம் விளைச்சலைக் காப்பவரும், கிணற்று மேட்டில் நல்ல பாம்பைக் கண்டால் நாம் அழைத்து வரச் சொல்பவரும் இவர்களே. வயலில் கடிபட்டு மருத்துவமனையில் கிடந்த உழவர் உயிர் பிழைத்து வீடு திரும்பும்போது, அந்த மருந்துக்குள் இருளர் ஒருவர் கையால் எடுத்த நஞ்சு இருந்திருக்கக் கூடும். அவருக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருக்க வேண்டும் என்பது கருணையன்று, நியாயம்.

பயனுக்கேற்பப் பணம் தருவது நல்ல முறைதான். பொதுப் பணம் வீணாகாமல் காக்க அது வேண்டும். ஆனால் பயனைச் சரியாக வரையறுத்தால்தான் அம்முறை சரியாக வேலை செய்யும். முதல் செலவின் சுமையை ஏழையின் தலையில் ஏற்றாமல், கட்ட முடிந்தவரை மட்டும் தேர்ந்தெடுக்காமல், சுவரை அளப்பதோடு நில்லாமல், அடுப்பு எரிகிறதா என்றும் பார்ப்போமாயின், அரசு தரும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு குடும்பத்தின் நிலைத்த வாழ்வாக மாறும். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு முன் ஒவ்வோர் ஊராட்சி உறுப்பினரும் தம் ஊர் ஏரிக்கரை வரை ஒருமுறை நடந்து சென்று, அங்கிருப்போர் பெயர்களை எழுதி வருவாராக. பணி அங்கிருந்தே தொடங்கட்டும்.